ஆல்பத்தில் கேட்ட விசில்

செவ்வாய், இரவு.

சனிக்கிழமை ஜார்ஜ்டவுன் நைட் கிளப்பில் நான் பாடியதை லைவ் ஆல்பமாகப் போடுகிறார்கள். இன்று ஸ்டூடியோவில் கேட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்போது ஒரு விசில். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். குடித்துவிட்டு வந்தால் என் பழைய புருஷன் படிக்கட்டின் கீழே நின்று அப்படித்தான் விசிலடிப்பான். என் புது வீடு அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் மேடை ஏறினேன்.

"அந்த விசில எடுத்துரு தம்பி," என்றேன்.

"ஐயோ அக்கா, அதான் லா லைவ் ஃபீல்!" என்றான் பதிவு செய்தவன்.

விசிலடிப்பவர்களை வம்புக்கு இழுப்பது என் மேடை வழக்கம். அன்றும் கூட்டத்தின் இரைச்சலில் யார் விசில் என்று தெரியாமலே இழுத்திருக்கிறேன். பதிவில் என் குரல் சிரிக்கிறது: "யாருண்ணே அது இருட்டுல? நான் செபராங் ஜெயாலேருந்து வரேன்ணே. பசார் பின்னால ஃப்ளாட்டு, லிஃப்ட்டு செத்துக் கெடக்கு, ஆறு மாடி ஏறியே தொண்ட போச்சு லா!"

கூட்டம் சிரிக்கிறது. விசில் மறுபடி கேட்கிறது.

இனி அதை ஆல்பத்திலிருந்து எடுத்து என்ன ஆகப்போகிறது?

கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்துப் போட்டிருக்கிறேன். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. வந்தால் படியேறித்தான் வரவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.