கைநாட்டு வைக்காத தாள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்; இது முழுக்க என் சொந்தக் கையெழுத்து, சிரிக்காதே!

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் மேஸ்திரி இந்த நாட்டுக் குடியுரிமைக்கான விண்ணப்பத் தாளை நீட்டினார். முன்பென்றால் உடனே கைநாட்டு வைத்திருப்பேன். அடியில் தமிழும் இருந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தேன். பழைய நாட்டின் உரிமையை விட்டுவிடுகிறேன் என்றிருந்தது.

“போடுங்க பெருசு, நீங்களும் இந்த ஊர்க்காரர்தான்!”

“பொறுங்க மேஸ்திரி, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

அன்றிலிருந்து இஸ்திரி போடும்போதும் இதே யோசனைதான். கையெழுத்திட்டால் உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் வேலை அனுமதி முடிந்ததும் நானே அங்கே வந்துவிட வேண்டியதுதான். எது வேண்டும், சொல்.

மகளிடம் சொல்லிப் பதில் எழுத வை. அவள் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேள். பிறகே கைநாட்டு வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்