தோற்பதற்கென்று ஒரு கம்பெனி

பாய்,

விஸ்வகர்மா பூஜைக்காகக் கடையைச் சுத்தம் செய்யும்போது உங்கள் ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்தது. மேஜையின் அடி டிராயரில், பழைய பில் புத்தகங்களுக்குக் கீழே, கந்தல் துணியில் சுற்றிக் கிடந்தது. கணக்குப் பார்க்கும் தாஸ் பாபு அதை எடுத்துத் தூசியை ஊதிவிட்டு, "ஏட்டா ஃபேலே தி, தாதா?" என்றார். எறிந்துவிடட்டுமா என்று வங்காளியில் கேட்கிறார். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது; அவருக்கு அது வெறும் மரக்கட்டை. நான் வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். காய்ந்து எத்தனையோ நாளாகியும் ஊதா மையின் வாசனை போகவில்லை. தலைகீழ் எழுத்தில் உங்கள் பெயர், அதற்குக் கீழே 'புரொப்ரைட்டர்'.

பூசாரி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

நடந்தது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் முதலிலிருந்து சொன்னதில்லை. எழுதினால், நடுவில் எங்காவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறேனா என்று எனக்கே தெரிந்துவிடும்.

நாம் இருவரும் பர்ராபஜாரில் ஒரே கடையில் போல்ட்டும் நட்டும் பொறுக்கிப் போட்டவர்கள். நீங்கள் ராமநாதபுரம் பக்கம், நான் தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட நாலு வயது மூத்தவர் நீங்கள். நான் பவானிபூரில் சொந்தக் கடை போட்டபோது, கார்டன் ரீச்சில் எடுத்த குடோனைப் பார்த்துக்கொள்ள உங்களைத்தான் கூப்பிட்டேன். கப்பல் ரிப்பேர் காண்ட்ராக்டர்களுக்கு வால்வு, கசிவை அடைக்கும் கேஸ்கெட், போல்ட் சப்ளை. வெளியாள் முன்னால் என்னை 'முதலாளி' என்பீர்கள். அவர் படியிறங்கியதும் நான் 'தம்பி' ஆகிவிடுவேன். கேஸ்கெட் ஷீட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இது டூப்ளிகேட்டு" என்று நீங்கள் சொன்னால், சரக்கு வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். உங்கள் விரலை நம்பித்தான் நான் வளர்ந்தேன்.

நம் தொழிலில் எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். மூன்று கடை விலையை ஒப்பிட்டு, குறைந்த விலைக்கு ஆர்டர் என்பது விதி. நடப்பது வேறு. ஆர்டர் யாருக்கு என்று பேசி முடிந்த பிறகு, மற்ற இரண்டு கொட்டேஷனையும் ஆர்டர் வாங்குகிறவனே கொண்டுவந்து கொடுப்பான். அதற்காகவே என்னைப் போன்றவர்கள் நம்பிக்கையான ஒருவர் பெயரில் இன்னொரு கம்பெனி வைத்திருப்போம். அப்படி வந்ததுதான் உங்கள் கம்பெனி. லைசென்ஸ், பான் கார்டு, பாங்க் கணக்கு எல்லாம் உங்கள் பெயரில். போன் நம்பர் மட்டும் என்னுடையது.

கையெழுத்துப் போட வந்த அன்று கேட்டீர்கள்: "இந்தக் கம்பெனிக்கு என்ன வேலை தம்பி?"

"தோக்கறதுதான் வேலை. என் ரேட்டைவிடக் கொஞ்சம் கூட எழுதிக் குடுப்போம். அவ்வளவுதான்."

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "யா அல்லா! தோக்கறதுக்குன்னே கம்பெனி தொறந்த மொத ஆளு நான்தான்."

அதோடு விட்டிருக்கலாம். என் வியாபாரம் வரி அதிகமாகும் எல்லையைத் தொட்ட வருஷங்களில், சில பில்களை உங்கள் கம்பெனி வழியாகத் திருப்பிவிட்டேன். ஆடிட்டர் உங்கள் பெயரில் ரிட்டர்ன் போட்டார். நான் கொடுத்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய நீங்கள் காகிதத்தில் வசதியான வியாபாரி ஆனீர்கள். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள். நீங்கள் படித்துப் பார்க்கவில்லை. நான் படித்துச் சொல்லவும் இல்லை.

உங்கள் மகள் நஸீமாவுக்கு நுழைவுத் தேர்வில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தது. உதவித்தொகையை அவளே கண்டுபிடித்தாள். முஸ்லிம், கிறிஸ்தவ, சீக்கியப் பிள்ளைகள் அறிவியலோ பொறியியலோ படிக்க அரசு கொடுப்பது. நல்ல மார்க் வேண்டும், குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். போனிலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்துவிட்டு, உங்கள் சம்பளத்துக்கு என்னிடம் ஒரு கடிதம் கேட்டு அனுப்பினாள். கடையின் லெட்டர்ஹெட்டில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே எனக்கு உறைத்தது, பாய். உங்கள் பெயரில் இன்னொரு வருமானம் ரிட்டர்னில் இருக்கிறதே என்று. யார் போய் இரண்டையும் ஒத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முதல் வருஷம் பணம் வந்தது. நீங்கள் இரண்டு பஸ் மாறி, சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு பவானிபூர் கடைக்கு வந்தீர்கள். "எங்க வீட்டுக்குக் கூலியா காசு வந்திருக்கு, கடனா வந்திருக்கு. மார்க்குக்கு வந்தது இதுதான் தம்பி மொதத் தடவை" என்றீர்கள். எதிர்க்கடைப் பஞ்சாபிக்கும் இரண்டு கொடுத்தீர்கள்.

இரண்டாம் வருஷம் ஒத்துப் பார்த்தார்கள். பான் நம்பரைத் தட்டினால் எல்லாம் தெரிகிற காலம் வந்துவிட்டது. தகப்பனார் ஒரு கம்பெனியின் உரிமையாளர், வருமானம் வரம்புக்கு மேல், பொய்த் தகவல் கொடுத்து வாங்கியதாகத் தெரிகிறது, விளக்கம் தேவை, அலிப்பூர் அலுவலகத்துக்கு நேரில் வரவும் என்று நோட்டீஸ். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"இதுல என்ன போட்டிருக்கு தம்பி? நஸீமா வாசிச்சுச் சொன்னா. எனக்கு நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். ஆடிட்டருக்குப் போன் போட்டேன். கம்பெனி உண்மையில் என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால் போதும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் எனக்குப் பழைய வரி, அபராதம் எல்லாம் வரும். இரண்டு கொட்டேஷனும் ஒரே ஆளுடையது என்று வெளியே தெரிந்தால் ஒரு காண்ட்ராக்டரும் வாசல் மிதிக்க மாட்டான். அந்தச் சமயம் பார்த்து இரண்டு வருஷ சப்ளை ஆர்டர் ஒன்று முடிகிற நிலையில் இருந்தது.

"மார்ச் முடியட்டும் பாய்," என்றேன். "அப்புறம் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் எதையாவது சொல்லி இழுங்க."

"எதையாவதுன்னா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

நீங்கள் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தீர்கள். கேஸ்கெட் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "சரி முதலாளி" என்றீர்கள். கடையில் அப்போது வேறு யாருமே இல்லை.

அலிப்பூரில் என்ன நடந்தது என்று நீங்கள் குடோனில் வைத்துச் சொன்னீர்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டாராம், இந்தக் கம்பெனி உங்களுடையதா என்று. ஆமாம் என்றுவிட்டீர்கள்.

"ஏன் பாய்? கொஞ்சம் டைம் கேட்டிருக்கலாமே?"

"கையெழுத்து என்னுது. ஸ்டாம்பு என்னுது. இல்லேன்னு சொன்னா, அடுத்த கேள்வி யாருதுன்னு வரும். அதுக்கு நான் பதில் சொல்றதா? அது உங்க பதிலு."

உதவித்தொகை நின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அதை நான் கட்டுகிறேன், மீதிப் படிப்புக்கும் நானே கட்டுகிறேன் என்று உங்களிடம் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. பணத்தால் முடிகிற விஷயம் என்று எனக்குப் பட்டது. என் அனுபவத்தில் எல்லாமே அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

நீங்கள் வால்வுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே பேசினீர்கள். "திருப்பிக் கட்டறதுக்கு உங்க காச வாங்கிக்கிறேன். அது உங்களால வந்தது. ஆனா காலேஜ் நோட்டீஸ் போர்டுல, பொய் சொல்லி வாங்கினவங்கன்னு ஒரு லிஸ்ட்டு ஒட்டியிருக்கான். அதுல எம்புள்ள பேரு ரெண்டாவது. கூடப் படிக்கிற ஒருத்தி கேட்டாளாம், 'உங்க அப்பாவுக்குக் கம்பெனி இருக்கே, எங்க மாதிரி ஆளுங்க காசுல ஏன் கை வச்சே?'ன்னு. அதுக்கு எவ்வளவு தம்பி?"



நஸீமா மூன்றாவது செமஸ்டர் தேர்வு எழுதவில்லை. தர்மதலாவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்யப் போனாள். மார்ச் முடிந்தது. ஆர்டர் எனக்குக் கிடைத்தது. ஏப்ரலில் அவசரம் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. மே மாதத்தில், இனிமேல் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. நீங்கள் ஒருநாளும் நினைவுபடுத்தவில்லை. காலையில் குடோன் சாவியை வாங்கினீர்கள், சாயங்காலம் கொடுத்தீர்கள். 'தம்பி' என்று அதன்பிறகு கூப்பிடவேயில்லை என்பதை நீங்கள் போன பிறகுதான் கவனித்தேன்.

போன வருஷ மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜனாஸாவில் நாலு அடி தூரம் தோள் கொடுத்தேன். என்னை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டம்மா, "முதலாளி வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்று உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது.

நாற்பது நாள் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நஸீமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். உட்காரக்கூட இல்லை. "அந்தக் கம்பெனி உங்க அத்தாவோடது இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், மாமா."

"அத்தா சொன்னாரா?"

"அத்தா சொல்லல. நோட்டீஸ் வந்தப்பவே நான் நெட்ல பாத்தேன். போன் நம்பர் உங்களோடது. ரிட்டர்ன் போட்டது உங்க ஆடிட்டர். நான் என்ன முட்டாளா?" பையின் ஜிப்பை இழுத்தாள். அது சிக்கிக்கொண்டது, திரும்பத் திரும்ப இழுத்தாள். "அத்தாகிட்ட அழுதேன், மாமா. ஒரு வரி எழுதிக் குடுங்க, என் பேரை எடுத்துருவாங்கன்னு. மாட்டேன்னுட்டாங்க. 'நான் போய்ச் சொன்னா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். அவரே வருவாரு பாரு. நாப்பது வருஷமா எனக்குத் தெரியும், அவரே வந்து சொல்லுவாரு'ன்னாங்க. தினம் வேலை முடிஞ்சு வந்ததும் என் முகத்தைப் பாப்பாங்க, அலிப்பூர்லேருந்து ஏதாவது லெட்டர் வந்துச்சான்னு. ரெண்டு மாசம் பாத்தாங்க. அப்புறம் பாக்கறதை விட்டுட்டாங்க."

ஜிப் நகர்ந்தது. "எனக்கு பஸ் வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மறுவாரம் நான் அலிப்பூருக்குப் போனேன். கம்பெனி என்னுடையது, இறந்தவருக்கு இதில் பங்கில்லை, அவர் மகள் சொன்னதில் பொய்யில்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். வரி வந்தது, அபராதம் வந்தது, இரண்டு காண்ட்ராக்டர்கள் போனார்கள். நான் பயந்த அளவில் பாதிகூட இல்லை, பாய். இதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாதிகூட இல்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி தாளைப் படித்துவிட்டு, பிள்ளை படிப்பை விட்டுவிட்டாளே, இப்போது இது எதற்கு என்று கேட்டார். பட்டியலிலிருந்து பெயரையாவது எடுங்கள் என்றேன். அது மேலே போக வேண்டும் என்றார். மேலே போய்க்கொண்டிருக்கிறது. திரும்பச் சேர்வாயா, நான் காலேஜில் பேசுகிறேன் என்று போன மாதம் நஸீமாவிடமும் கேட்டுப் பார்த்தேன். "என் கூடப் படிச்சவங்க ஃபைனல் இயருக்கு வந்துட்டாங்க, மாமா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நீங்கள் இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுத மாட்டேன். வியாபாரிக்குத் தன் சரக்கு தெரியும். நீங்கள் உயிரோடு இருந்து, தினமும் சாவி வாங்கிக்கொண்டிருந்தால், நான் போயிருக்க மாட்டேன்.

யார் என்னை ஏமாற்றினார்கள், நான் யாரை ஏமாற்றினேன் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிடும், தூக்கம் கெட்டதில்லை. ஆனால், தினமும் வேலை முடிந்து வந்து, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, இன்றைக்காவது அவர் போயிருப்பார் என்று ஒரு மனிதர் என்மேல் வைத்திருந்த அந்த இரண்டு மாத நம்பிக்கையை மட்டும் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்தவர் வேறு யாரும் இல்லை, பாய். அது தவறு என்று உங்களுக்குத் தெரிந்த பிறகுதான் நீங்கள் போனீர்கள்.