ஜனாஸா அறிவித்தலில் வெட்டிய சொல்

மச்சான்,

நேற்று அந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரின் வீட்டுக்குப் போனேன். முன் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நீ எழுதிய வாழ்த்துப்பா தொங்குகிறது. மனிதரை ஒரே வரியில் ஞாயிறாகவும் திங்களாகவும் பாடியிருக்கிறாய். அவரும் மறுத்ததாகத் தெரியவில்லை. கீழே, "அன்பளிப்பு: பழைய மாணவர்கள்." தெரியாதவன்போல், யார் எழுதியது என்று கேட்டேன்.

"அது தெரியா தம்பி. பிரேம் கல்முனையில போட்ட. நல்ல தேக்கு."

நம் ஊர்களில் கவிதைக்கு மதிப்பில்லை என்பது பொய். பிரியாவிடை, கல்யாணம், ஹஜ்ஜுப் பயணம், எதுவும் வாழ்த்துப்பா இல்லாமல் நடப்பதில்லை. நீ ஹார்ட்வெயார் கடையில் பெயின்ற் கலக்கிக்கொண்டு நிற்பாய். "காக்கா, நாலு வரி கிறுக்கித் தாங்களன். உங்களுக்கு அஞ்சு நிமிச வேலதானே" என்று, சொந்த அண்ணனிடம் கேட்பதுபோல் வருவார்கள். பெயின்றை அப்படி யாரும் கேட்டதில்லை. நீயும் பில் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுப்பாய்.

ஒரே ஒரு தடவை, இந்த அதிபரின் பிரியாவிடைக்கு எழுதியபோது, நீ ஒன்று கேட்டாய். "அடியில எண்ட பேரச் சின்னதாப் போடச் சொல்லன், மச்சான். மகள் பாக்கட்டும்." விழாக் குழுவின் செயலாளர் நான்தான். கூட்டத்தில் சொன்னேன். "பேரப் போட்டா அவர் தனியக் குடுத்த மாதிரிப் போயிரும்" என்றார் தலைவர். நானும் அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதினேன். உன்னிடம் வந்து சொன்னபோது, "ஓம், பிரேமுக்குள்ள இடமும் காணாதான்" என்று சிரித்தாய்.

நீ மௌத்தான காலை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தவர், கவிஞர். அதை வாசிக்கவிருந்த மோதினார் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன, கவிஞரா? சனம் ஆரெண்டு தடுமாறும். ஹார்ட்வெயார் எண்டா எல்லாருக்கும் விளங்கும்."

ஊரையே நையாண்டி செய்து எழுதுகிறவன் நான். அவரோடு வாதாடியிருக்கலாம். ஆனால் பேனையை எடுத்து அந்தச் சொல்லை நானே வெட்டிக் கொடுத்தேன். அறிவித்தல் மூன்று தடவை போனது. ஒருவரும் தடுமாறவில்லை.

உன் மகள் அன்று வாசலில் நின்று, மூன்று தடவையும் கேட்டிருக்கிறாள். "வாப்பாவக் கவிஞர் எண்டு சொல்ல அவருக்கு வாய் வரல்லையா?" என்று மோதினாரை இன்றைக்கும் ஏசுகிறாள். நான் பக்கத்தில் இருந்து, "விடு மகள், அவருக்கு என்ன தெரியும்" என்கிறேன்.