மஞ்சள் தடவாத கடிதம்

1920 ஆகஸ்ட் 9, திங்கள்

விடாத மழை. ரங்கூனே நனைந்த கோணி. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு ஒன்பது பேர்தான். வாய்ப்பாடு.

வாங்க: உப்பு, விளக்குத் திரி, அத்தைக்கு மூக்குப்பொடி.

பஸ்ராவிலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம் வந்து பத்து வாரம். அங்கே மறுபடியும் சண்டை என்று பேப்பரில். பட்டாள ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தானே, துப்பாக்கி பிடிப்பவரா என்று அத்தைக்குத் தினமும் சொல்கிறேன். எனக்கும் சேர்த்துத்தான்.

ஆக. 10

மழை. பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். சதுப்பில் நாணல் வீடுகள், ஒரு ஆணி கிடையாதாம். பேரீச்சையில் ஆண் பூவை அறுத்து, பெண் மரத்தில் ஏறிக் கட்டுகிறார்களாம். அடிபட்டு வந்தவன் எந்தப் பக்கத்து ஆளானாலும் அங்குள்ள பெண்கள் ரொட்டி கொடுக்கிறார்களாம். "ஊரைக் கெடுத்தது நாம், ரொட்டி கொடுப்பது அவர்கள்" என்று எழுதியிருக்கிறார். முகம் தெரியாத அந்தப் பெண்களை நினைத்துக் கும்பிட்டேன்.

ஆக. 12, வியாழன்

கடிதம் வந்தது. அவர் கையெழுத்து இல்லை. பிரித்தேன். அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பிள்ளையார் சுழி தெரியும், மூலை மஞ்சள் தெரியும். இரண்டும் இல்லை. உச்சியில் வெறும் எண், 786.

"செத்தவனுக்குத்தாண்டி பட்டாளத்துல நம்பர் போடுவான்! எம்புள்ள போயிட்டாண்டி!"

தெரு கூடிவிட்டது. நானும் நம்பினேன். டீச்சராம்! அடுத்த வரியைப் படிக்கத் தைரியம் வரவில்லை. சாவு வீட்டில் செய்வதுபோல் அடுப்பை அணைத்தேன்.

எதிர்ச் சாரி குடைக்கடை காசிம் பாய் ஓடி வந்து வாங்கிப் பார்த்தார்.

"அட, இது நம்ம ஆளு எழுதுனதும்மா! நீங்க சுழி போடுற மாதிரி நாங்க அல்லா பேரச் சொல்லிப் போடுற எண்ணு. எங்க கடைப் பலகையிலயே இருக்கே, பாத்ததில்லயா?"

பார்த்திருக்கிறேன். தினமும்.

அவரே உரக்கப் படித்தார். இவருக்கு வலது கையில் பாக்தாத் புண்ணாம். பொடி ஈ ஒன்றின் மேல் சந்தேகப்பட்டு டாக்டர் அதைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறாராம். புண் ஆறிவருகிறது. அதுவரை இவர் சொல்லச் சொல்லக் கூட வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் எழுதுகிறார். அடியில் மட்டும் இடது கையால் இவரே பெயர் போட்டிருக்கிறார். என் வகுப்பில் யாராவது இப்படிக் கிறுக்கினால் பத்துத் தடவை எழுத வைப்பேன்.

உயிரோடு இருக்கிறார். அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அழுகை அப்போதுதான் வந்தது.

ஆக. 13, வெள்ளி

வெயில்! காசிம் பாய் வீட்டுக்குப் பாயசம் கொடுத்தாயிற்று. பதில் எழுத உட்கார்ந்தேன். அத்தை பக்கத்திலேயே.

"அந்தக் கீழக்கரைப் புள்ளைக்குத் தாயி இருக்காளான்னு கேளு."

எழுதினேன்.

"கைய பத்திரமா வச்சுக்கச் சொல்லு. ஈ கடிச்சிறாம."

"அதான் ஆறிக்கிட்டு வருதாமே அத்தை, அவருக்கு."

"அவனுக்கில்லடி. எழுதுன புள்ளைக்கு."