எட்டு வீட்டுத் தொட்டியும் என் ஜீன்ஸும்

ஜூன் 29, ஞாயிறு

பசறை பஸ்ஸில் சித்தி அனுப்பிய பார்சல் வந்தது. துஷாந்தினி சித்தி கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் ஜீன்ஸுக்குப் பொக்கற் தைக்கிறவர். உள்ளே எனக்கு ஒரு ஜீன்ஸ்! என் வாழ்க்கையின் முதல் ஜீன்ஸ். கடையில் தொங்குவதைப் போல மென்மையானது அல்ல. தொழிற்சாலையில் கழுவி மென்மையாக்குகிற பிரிவுக்கே போகாதது. கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். தகரம் போல விறைப்பு. சுவரில் சாய்த்து வைத்தேன், நின்றது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு அதற்கும் சேர்த்து என்னைத்தான் திட்டினார்.

இடுப்பு முப்பது அங்குலம். என் இடுப்பு இருபத்தாறு (நூலால் சுற்றி அடிமட்டத்தில் அளந்தேன், மூன்று தடவை).

பன்னிரண்டாம் திகதி பதுளையில் வாசிப்பு முகாம். சீருடை வேண்டாம், கலர் உடுப்பு போடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இரண்டு கிழமைக்குள் இந்த நான்கு அங்குல வித்தியாசம் போக வேண்டும். நான் பெருப்பதா, அது சுருங்குவதா?

ஜூலை 1, செவ்வாய்

சித்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். ‘ஊவா டெனிம் நண்பர்கள்’. நாற்பத்து மூன்று பேர். கேள்வி கேட்பதற்கு முன் பழையதையெல்லாம் படிப்பதுதான் மரியாதை என்பதால் முதலிலிருந்து படித்து, கொப்பியில் குறிப்பு எடுத்தேன்.

அட்டை கடித்து ரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை நிரந்தரம். வெயிலில் காய வைத்தால் உட்புறத்தை வெளியே திருப்ப வேண்டும். கால் நீளத்தை முதல் கழுவலுக்கு முன் வெட்டக் கூடாது. கழுவாமல் மணத்தைப் போக்க ஒருவர் ஜீன்ஸை ஃப்ரீஸரில் வைத்திருக்கிறார். இப்போது மணம் போய்விட்டதாம், ஆனால் சூடை மீன் மணம் வந்துவிட்டதாம். அதற்கு என்ன செய்வது என்பது அவருடைய அடுத்த கேள்வி.

எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்கிறார்கள். என்னையும்.

ஜூலை 2, புதன்

கேட்டுவிட்டேன். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்யும் ஸரூக் என்பவர் உடனே பதில் எழுதினார்: “பயப்படாதீங்க மச்சான், கழுவாத டெனிம் சுருங்கும். அதைப் போட்டுக்கிட்டே பாத்டப்ல ஒரு மணித்தியாலம் உட்காருங்க. உங்க உடம்புக்கு அளவெடுத்த மாதிரி ஒட்டிக்கும்.”

பாத்டப் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். மூன்று பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். கடைசியில் ஒருவர், ‘பெரிய தொட்டி ஏதாவது’ என்றார்.

ஜூலை 5, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் எட்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. எட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மலையூற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரும். இந்த வறட்சியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. வரும்போது குடிப்பதற்குக் குழாயிலேயே குடத்தில் பிடித்துவிடுவோம். மிச்சம் தொட்டியில் விழும், அது துவைக்க, கழுவ. தொட்டியில் வெடிப்பு. புதிய தொட்டி கேட்டு ஒன்பது வருடமாகத் தொழிற்சங்கத் தலைவர் தம்பையா மாமா தோட்ட ஆபீஸுக்குக் கடிதம் கொடுத்து வருகிறார். கடைசி மூன்று கடிதம் நான் எழுதிக் கொடுத்தது.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, ஜீன்ஸோடு தொட்டிக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் அளவு. உட்கார்ந்தேன். இவ்வளவு குளிரான ஒன்றில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. புத்தகம் கொண்டு போயிருந்தேன், பல் அடித்துக்கொண்டதில் ஒரு வரியும் ஏறவில்லை.

இருபதாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா வந்தார். காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லையாம்.

“என்ன புள்ள பண்ற?”

“விஞ்ஞானம் அக்கா.”

“நல்லா படி,” என்று சொல்லிவிட்டு வாளியில் தண்ணீர் அள்ளாமலே போய்விட்டார்.

ஒரு மணித்தியாலம் முடிந்து எழுந்தபோது தண்ணீர் மைப்போத்தல் போல இருந்தது. அடைப்பை எடுத்துத் திறந்துவிடலாமா? வறட்சியில் எட்டு வீட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவது பாவம். பின்னேரம் புதுத் தண்ணீர் வந்தால் கரைந்து செறிவு குறையும் என்று கணக்குப் போட்டேன்.

பின்னேரம் தண்ணீர் வரவில்லை.

ஜீன்ஸ் சுருங்கியது: ஒரு விரல்.

ஜூலை 6, ஞாயிறு

இரவு கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. மை நிறம் போய், தெளிந்த வான நிறம். ஞாயிறு என்றால் எட்டு வீட்டிலும் சீருடை துவைப்பு. எல்லாம் வெள்ளை.

தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. வெள்ளைத் துணிக்கு எல்லோரும் நீலம் போடுகிறவர்கள்தானே. யாரோ மொத்தமாகத் தொட்டியிலேயே போட்டுவிட்டார்கள், நமக்கு நீலம் மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள். ராசம்மா அக்கா மட்டும் தொட்டியைத் தொடவில்லை. அவர் தன் மகனின் சட்டையைக் குடத்துத் தண்ணீரில் அலசினார். காய்ச்சல்காரர், களைப்பாக இருந்திருக்கும்.

பின்னேரம் பார்த்தால், கொடியில் தொங்கிய சீருடை எல்லாம் வெளிர்நீலம். என் சீருடையை வெள்ளிக்கிழமையே துவைத்து வைத்துவிட்டேன். நாளைக்கு நான் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றால்?

இருட்டுவதற்குள் அதைத் தொட்டியில் முக்கி எடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்

காலைக் கூட்டத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் தனியாகத் தெரிந்தோம். வேறொரு பாடசாலை நம் மைதானத்தில் வந்து நிற்பது போல. அதிபர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். தரம் மூன்று கிரிஷாந்தன், “எங்க ஊட்டுத் தண்ணி இப்பிடித்தான் வருது சேர்,” என்றான்.

அதிபர் உடனே தொலைபேசி எடுத்தார். மேல்மலையில் போன கிழமை தேயிலைக்குப் பூச்சி மருந்து அடித்தார்களே, ஊற்றில் கலந்துவிட்டதோ என்று டீச்சர்மார் பேசிக்கொண்டார்கள். மருந்தா? நான் அதை நினைக்கவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். தோட்ட ஆபீஸிலிருந்து மேனேஜர் துரையும் வந்தார். துரை எங்கள் தொட்டியடிக்கு வந்ததை அம்மா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையாம்.

தம்பையா மாமா வெடிப்பைக் காட்டினார். ஊற்றுக்கு மூடியில்லாததைக் காட்டினார். ஒன்பது வருடக் கடிதப் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். துரை மூன்றாவது கடிதத்தில் கையை உயர்த்தினார். தண்ணீர் பழுது என்று அறிக்கை வந்தால் ஊற்றுக்கு மூடி, லயத்துக்குப் புதுத் தொட்டி, இரண்டும் கட்டித் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதுவரை பௌசர் லொறியில் தண்ணீர்.

பரிசோதகர் இரண்டு போத்தலில் தண்ணீர் எடுத்தார், ஒன்று தொட்டியில், ஒன்று ஊற்றில். லேபல் எழுத நல்ல கையெழுத்து யாருக்கு என்று கேட்டார். எட்டு வீடும் என்னைத் தள்ளிவிட்டது.

ஆக, என் குற்றத்துக்கான சாட்சிப் போத்தலுக்கு நானே பெயர் எழுதினேன். அழகாக.

ஜூலை 9, புதன்

சொன்னால் தொட்டி போய்விடும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.

இன்னொன்று: இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நான் நீலம். சோப்பு, எலுமிச்சை, தேங்காய் நார்— எதற்கும் போகவில்லை. குழுவில் கேட்டேன். பண்டாரவளையில் தையல்கடை வைத்திருக்கும் ஜெஸீம் பதில் எழுதினார்: “நாலு நாள்ல தானாப் போகும். ஏன் மச்சான், அதுக்குள்ளயே குடியிருந்தீங்களா?” சாயம் விஷமா என்றும் கேட்டேன். குடிக்காவிட்டால் பயமில்லை என்றார். அதோடு உள் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

“இது மில்லுலயே சுருக்கி வந்த துணி. நீங்க கடல்ல உட்கார்ந்தாலும் இதுக்கு மேல சுருங்காது.”

முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நாற்பது பேர் எழுதினார்கள். இப்போது எழுதுகிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

போயா, முழுநிலா விடுமுறை. எல்லோரும் வீட்டில். அம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மா பௌசர் தண்ணீர் நிரப்பிய வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

முகாமுக்குப் பழைய சுடிதாரில் போனேன். நீலம் இல்லாதது.

ஜூலை 13, ஞாயிறு

ராசம்மா அக்கா என் கணுக்காலைப் பார்த்துவிட்டு ஒரு சோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்து கொடுத்தார். “போட்டுக்க புள்ள, குளிருது.” இந்த வெயிலிலா? பாவம், காய்ச்சல் இன்னும் விடவில்லை போல.

ஜூலை 22, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. பரிசோதகர் தொட்டியடியில் வைத்து விளக்கினார். தொட்டித் தண்ணீரில் இருந்தது ஏதோ துணிச்சாயமாம், ஆபத்தில்லையாம். மருந்து எதுவும் இல்லை. ஆனால் இரண்டு போத்தலிலும் கிருமி இருக்கிறதாம். மாட்டுச்சாணம் கலந்தால் வருகிற கிருமி. ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி இருக்கிறது. இது இன்று நேற்று வந்ததில்லை என்றார்.

வருடா வருடம் எங்கள் லயத்துக்கு வரும் வயிற்றோட்டம். போன வருடம் கிரிஷாந்தனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அம்மா காய்ச்சாமல் குடிக்காதே என்று கத்துவதெல்லாம்— அவ்வளவு நாளும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது! நீலமான பிறகுதான் ஒருவர் போத்தலோடு வந்தார்.

பின்னேரம் தம்பையா மாமாவிடம் போனேன். இனிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. “மாமா, அந்தச் சாயம்...” என்று தொடங்கினேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “பாப்பா, நான் தலைவர். எனக்கு ஒன்னு தெரிஞ்சா அதைத் துரைகிட்ட சொல்லணும். தெரியலன்னா சொல்ல வேண்டியதில்ல. துரை சீமெந்துக்குக் கையெழுத்து வைக்கிறது வெள்ளிக்கிழமை. நீ சனிக்கிழமை வா.”

ஜூலை 26, சனி

போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “ஒரு மணித்தியாலமா உட்கார்ந்திருந்த?” திங்கட்கிழமை ஆபீஸில் மட்டும் சொல்வதாகச் சொன்னார், வேறு யாரிடமும் இல்லையாம்.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டாராம். கிருமிக்குத்தான் தொட்டி, சாயத்துக்கு இல்லை என்று துரை சொன்னாராம். பிறகு ஜீன்ஸ் என்ன பிராண்ட் என்று கேட்டாராம்.

இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 16, சனி

அம்மாவோடு பண்டாரவளைக்குப் போனேன். ஜெஸீமுக்கு ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அளவுநாடா. நான் ஜீன்ஸை மேசையில் வைத்ததும் லேபலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இரட்டைப் பின்னலைப் பார்த்தார்.

“மச்சான்?”

“ஆமாங்க,” என்றேன்.

தையல் மெஷினில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பின்பக்கம் பிரித்து மிச்சமிருந்த மூன்றே கால் அங்குலத்தையும் பிடித்துத் தர அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அம்மா கேட்டார். நான் ஜீன்ஸை மடித்துப் பையில் வைத்தேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

தொட்டி கட்டி முடிந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. மூடி இருக்கிறது, குழாய் இருக்கிறது, ஊற்றுக்கும் மூடி வந்துவிட்டது. அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தம்பையா மாமா சொல்லச் சொல்லச் சுவரில் பென்சிலால் எழுதினேன். ஒன்று, தொட்டியடியில் துணி துவைக்கக் கூடாது. இரண்டு, பாவித்த பிறகு குழாயைப் பூட்டவும். மூன்று, தொட்டிக்குள் இறங்கி உட்காரக் கூடாது.

பென்சிலை நிறுத்தினேன். ஆபீஸைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதானே மாமா சொன்னார்?

“நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றார் அவர். “எழுது பாப்பா.”

திரும்பிப் பார்த்தேன். எட்டு வீட்டுப் பெண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். அம்மா எதிர் மலையைப் பார்த்தார். ராசம்மா அக்கா காறித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாவதையும் எழுதி முடித்தேன். பெயின்ட் என்ன கலர் வாங்குவது என்று கேட்டேன்.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.