டோரத்தியா கார் நிறுத்தப் போயிருக்கிறாள்

ஆகஸ்டு 15

வெட்கக்கேடுதான். ஆனால் இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்ல? நேற்று ஒரு ஜன்னலோர நாற்காலிக்காகக் கல்யாணம் செய்துகொண்டேன்.

லொரெய்ன் பைபஸ் இந்த வசந்தத்தில்தான் ஹல் நகரத்திலிருந்து வந்து துறைமுகத்துக்கு மேலே தேநீர்க்கடை போட்டாள். சீசன் முடியும்வரை அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஜன்னலோர மேசை குறைந்தது இரண்டு பேருக்கு. தனி ஆள் என்றால் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்த ஒற்றை ஸ்டூல். இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். யார் அவசரமாகக் கதவைத் திறந்தாலும் என் முழங்காலில்தான் இடிக்கும். இடித்தவர் மன்னிப்பு கேட்பார். நான் பரவாயில்லை என்பேன். அன்றைக்கு நான் மனிதர்களிடம் பேசியது அவ்வளவுதான்.

நேற்று வாசலில் அவள், "எத்தனை பேரு கண்ணு?" என்றாள்.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கடற்காற்றில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது: "ரெண்டு பேரு. வீட்டுக்காரி கார் நிறுத்த இடம் தேடிட்டிருக்கா."

ஆகஸ்டில் எங்கள் விட்பி ஊரில் இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இங்கே கார் நிறுத்த இடம் தேடியே கிழவர்களானவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு தேநீர்ப் பானைகள் வந்தன. எனக்கு ஒன்று, வராதவளுக்கு ஒன்று. அவளுடையது ஆறாமல் இருக்க அதற்கு ஒரு கம்பளிக் குல்லாய். நாற்பது நிமிடம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்து, உண்மையான புருஷன் மாதிரி பெருமூச்சுகூட விட்டேன். கடைசியில் அடிக்காத செல்போனைக் காதில் வைத்து, "எடமே கெடைக்கலையா? சரி, நீ அக்கா வீட்டுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இதைவிட மோசமான காரணங்களுக்குக் கல்யாணம் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகஸ்டு 16

மறுபடியும் போனேன். மறுபடியும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்டு 23

படகில் இன்று ஐந்து சவாரி. மைக்கைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும்போது எப்போதும் சொல்கிற அந்த ஜோக்கைச் சொன்னேன். "என் பொண்டாட்டி என்னை விட்டுட்டு லீட்ஸுக்குப் போயிட்டா. ஏன் லீட்ஸு? படகுல தொரத்த முடியாத ஊரா பாத்துப் போயிருக்கா!" ஐந்து முறையும் சிரித்தார்கள். கிளெனிஸ் போய் ஆறு வருடமாகிறது. ஜோக்காவது மிச்சம் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்குத் தேநீர்க்கடை. பானைகளை வைத்துக்கொண்டே லொரெய்ன் கேட்டாள்:

"உங்க வீட்டம்மா பேரு என்ன கண்ணு?"

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். கண்ணில் பட்ட ஒரே பெயர் எங்கள் படகின் மூக்கில் எழுதியிருந்த பெயர்.

"டோரத்தியா."

"அழகான பேரு," என்றாள்.

இரண்டாவது மனைவி நீரில் மிதக்கிறவள் என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 9

இதை எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன்.

கடை நிரம்பி வழிந்தது. ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கையில் ஒரு நனைந்த நாய்க்குட்டி. நேராக என் மேசைக்கு வந்து எதிர் நாற்காலியைத் தொட்டாள். "இங்க யாராவது ஒக்காந்திருக்காங்களா?"

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரோடு பேசுவதற்கு இருக்கிற ஒரே கதவு இந்தக் கேள்விதான். வருடக்கணக்காக இதை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். கேட்டுவிட்டாள். லொரெய்ன் கேக் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன செய்ய?

"ஆள் வருதுங்க. கார் நிறுத்தப் போயிருக்கா."

"ஐயோ, சாரி" என்று அந்தப் பெண் கழிப்பறைப் பக்கத்து ஸ்டூலுக்குப் போனாள். கதவு அவள் முழங்காலில் இடித்தது. நாய் என்னையே பார்த்தது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 30

இந்த வருடத்துக்கான கடைசி சவாரி. மூன்று பேர், அதில் ஒருவருக்குக் காது கேட்காது. நாளையிலிருந்து டோரத்தியா கொட்டகையில். மைக்கைத் துணியில் சுற்றி வைத்தேன். இனி ஈஸ்டர்வரை நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க யாருமில்லை.

சீசன் முடிந்தாயிற்று, சட்டமும் முடிந்தாயிற்று. இப்போது தனியாளாகவே ஜன்னலோரம் உட்காரலாம். அப்படியானால் டோரத்தியா எதற்கு? தெரியவில்லை. இரண்டு பானைகள் வந்தால் மேசை நிறைந்தாற்போல் இருக்கிறது.

அக்டோபர் 12

மதுக்கடையில் வினாடி வினா. குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் அணி. "பேரு குடு, யாராவது ஒத்தையா வந்தா சேத்து விடறேன்" என்றாள் கல்லாவில் இருந்தவள். யாரும் ஒற்றையாக வரவில்லை. தனியாக உட்கார்ந்து பதினேழு கேள்விகளுக்குச் சரியான விடையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். ஜெயித்தவர்கள் சரியாகச் சொன்னதே பதினான்குதான்.

அக்டோபர் 28

கறுப்பு உடைக்காரர்களின் திருவிழா. தெருவெல்லாம் ரத்தக்காட்டேரிகள், விதவைக்கோலப் பெண்கள், வெளிறிய பிணங்கள். எல்லாருக்கும் ஜோடி இருக்கிறது. பிணத்துக்குக்கூட ஜோடி இருக்கிறது.

ஆனால் மூன்று மைல் சுற்றளவில் ஒரு கார் நிறுத்தக்கூட இடமில்லை! தலை நிமிர்ந்து கடைக்குள் போனேன். "பாவம் டோரத்தியா, இன்னிக்கு நிச்சயம் எடம் கெடைக்காது" என்றாள் லொரெய்ன். ஒரு நாளாவது என் பொய் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நவம்பர் 6

ஆபத்து. பார்னி லெட்லி வந்துவிட்டான்.

பார்னி மீன் வறுவல் கடைக்காரன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். குளிர்காலத்தில் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. ஊரில் யார் வீட்டில் எத்தனை தட்டு கழுவுகிறார்கள் என்பதுவரை அவனுக்குத் தெரியும். நான் போய் அவன் கடையில் நின்றால், "ஒரு மீன்! ஒத்த ஆளுக்கு!" என்று துறைமுகம் கேட்கும்படி கத்துவான். அவன் நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்து, இரண்டு பானைகளையும் பார்த்தான்.

"ஏண்டா நெவ், இன்னொண்ணு யாருக்குடா?"

மேசைக்கடியில் அவன் காலை உதைத்தேன். அதற்குள் லொரெய்ன், "அது டோரத்தியாவுக்கு" என்றாள்.

பார்னி அவளைப் பார்த்தான். அவள் பார்னியைப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"ஓ, டோரத்தியாவா! நேத்துக்கூட பாத்தேனே. கொஞ்சம் பெருத்துட்டா. அடிப்பக்கம் பூரா சொரண்டி பெயின்ட் அடிக்கணும்."

வாயிலிருந்த தேநீர் மூக்கு வழியே வந்தது. லொரெய்ன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தீமூட்டுத் திருநாளுக்குச் செய்த இஞ்சி கேக்கில் கடைசித் துண்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். "அவங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் கண்ணு."

வெளியே பார்னி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், ஒண்ணும் சொல்லிடாதடா" என்று கெஞ்சினேன். "நான் எதுக்குடா சொல்லணும்?" என்றான். நல்லவன்.

டோரத்தியாவின் கேக்கைத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு கடற்காகம் வந்து முழுதாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இதை மட்டும் யாரிடமாவது சொல்லிச் சிரித்திருக்கலாம்.

நவம்பர் 20

மழை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு காலி இடங்கள். "வீட்டுக்காரி எடம் தேடிட்டிருக்கா" என்றேன். "வந்துருவாங்க" என்று இரண்டு பானைகளையும் வைத்துவிட்டுப் போனாள் லொரெய்ன்.

எவ்வளவு வெள்ளை மனசு இவளுக்கு! வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 3

தொலைந்தேன்.

பதினேழாம் தேதி லொரெய்ன் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கிறாள். வான்கோழி, உருளைக்கிழங்கு, புட்டிங். ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே பெயர் எழுதிய அட்டை. "ஒங்க ரெண்டு பேரு அட்டையும் எழுதிட்டேன். இந்தத் தடவ அவங்களை நடந்தே வரச் சொல்லுங்க கண்ணு."

டிசம்பர் 4

வழிகளை யோசித்தேன். டோரத்தியாவுக்கு வியாதி? லொரெய்ன் கையில் சூப்போடு வீட்டுக்கே வந்து நிற்பாள். செத்துவிட்டாள் என்றால்? மலர்வளையம் வரும். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லலாம். அதுதான் எளிது, அந்த வசனமும் எனக்கு மனப்பாடம்.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. என்னடா இது, படகுடா அது. இருந்தாலும் இன்னொரு தடவை விட்டுட்டுப் போறதைத் தாங்க என்னால ஆகாது.

டிசம்பர் 8

நான்கு நாளாகக் கடைக்குப் போகவில்லை. நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை. தபால்காரரிடம் நன்றி சொன்னதைக் கணக்கில் எடுத்தால் ஒரு முறை.

உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி போய்விடும். "எத்தனை பேரு கண்ணு?" போய்விடும். ஊரில் என்னை ஒரு ஆளாக எதிர்பார்த்து ஒருத்தி பானை வைப்பது அங்கே மட்டும்தான். அதையும் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 9

போனேன். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. "எத்தனை பேரு?" என்று அவள் கேட்கவே இல்லை. நேராக ஜன்னலோரம் இரண்டு பானைகளையும் கொண்டுவந்து வைத்தாள். நாலு நாளாகத் தயார் செய்த பேச்சு முழுதும் தொண்டையில் கிடந்தது. மைக் இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் போகவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"இங்க யாராவது ஒக்காந்திருக்காங்களா?"

எதிர் நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்த என் குடையைப் பார்த்தேன்.

"இல்ல," என்றேன். "யாரும் இல்ல."

"காலு கடுக்குது. தள்ளி வை அந்தக் கொடையை." இதுவரை நீங்க என்றவள்.

உட்கார்ந்தாள். டோரத்தியாவின் பானையிலிருந்து குல்லாயைக் கழற்றினாள். இந்த நான்கு மாதத்தில் நான் ஒரு முறையும் அதைத் தொட்டதில்லை, வராதவளுடையதை எப்படித் தொடுவது என்று. மூடியைத் திறந்து என் பானைக்குள் சாய்த்தாள். ஆவி பறந்தது. நிறமே இல்லை. வெறும் வெந்நீர்.

"தேயிலை போட மறந்துட்டியா?"

"என்னிக்குப் போட்டேன்? தேயிலையை எதுக்கு வீணாக்கணும்? ஒனக்கு ரெண்டாவது கோப்பைக்கு ஊத்திக்கத்தான் மொத நாள்லேர்ந்து வெந்நி வெக்கிறேன். நீ ஒரு நாளாவது எடுத்தியா?"

"மொத நாள்லேர்ந்தா? யாரு சொன்னா, பார்னியா?"

"பார்னி எதுக்குச் சொல்லணும்?" அவள் ஜன்னல் கொக்கியைக் காட்டினாள்.

கோடை முழுக்க அந்த ஜன்னல் திறந்தே இருந்ததாம். ஒரு நாளைக்கு ஐந்து முறை, "டோரத்தியா படகுக்கு வாங்க, வாங்க" என்பதிலிருந்து லீட்ஸ்வரை, என் மைக்கில் ஒரு வார்த்தை விடாமல் கடைக்குள் கேட்குமாம்.