கிணற்று நீச்சல்காரி

பிப்ரவரி 4, 1991. திங்கள்.

பனி. எதிரில் வருகிற லாரி தெரியவில்லை.

எங்கள் கிணற்றைக் கம்பெனி திருடிக்கொண்டது. வாங்கியதாம். விற்றவர் நிலத்துக்காரர். அதில் நீச்சல் பழகிய பென்னலூர்ப் பிள்ளைகளை யார் கேட்டது? இப்போது கிணற்றுக்கு இரும்பு மூடி, பூட்டு. அதே சுற்றுச்சுவருக்குள் நான் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.

இன்று நோட்டீஸ் போர்டில்: சென்னைக் கடலில் கம்பெனிகளுக்கு இடையே நீச்சல் போட்டி. மூன்று கிலோமீட்டர். நீச்சல் தெரிந்த ஊழியர்கள் பெயர் தரலாம். ஆண்கள் என்று போடவில்லை. கொடுத்தேன்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு. "எஸ்தரு, இது இன்னா, கும்மிப் போட்டின்னு நெனச்சிக்கினியா?"

"ஆம்பளைங்க மட்டும்னு எழுதியிருந்தா படிச்சிருப்பேன் சார்."

பெயரை எழுதிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

ரேஷனில் மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. ஆட்சி கலைந்த பேச்சு மட்டும் லிட்டர் லிட்டராக.

பிப்ரவரி 6. புதன்.

வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. கலா வேலை. பக்கத்து மெஷின்காரி, என் கூட்டாளி, வாய் நிற்காது.

அண்ணன் தட்டைத் தள்ளினான். "இன்னா போட்டுக்கினு குதிப்ப?"

"உன் டிராயரு."

"ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

அம்மா சிரிப்பை முந்தானையால் துடைத்தாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் பந்தயம் போட்டான். போட்டியை முடித்ததற்கு சர்டிபிகேட் காட்டினால் இனி என் விஷயத்தில் வாயே திறக்கமாட்டான். முடிக்காமல் வந்தால், "வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம், வூட்டோட கெட."

சரி என்றேன்.  அவன் தள்ளிய தட்டை அவன் பக்கமே நகர்த்தினேன்.

பிப்ரவரி 10. ஞாயிறு.

வெயில். சர்ச்சுக்குப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி.

மதகிலிருந்து எதிர்க்கரைப் பனைமரம் வரை நீந்தப் பார்த்தேன். கலா கரையில் துண்டோடு. தலையை முக்கி, மூச்சு பிடித்து, நன்றாகத்தான் போனேன். நிமிர்ந்தால் எதிரில் கலா.

"இன்னாடி, எங்கிட்டயே வந்துட்ட? பனமரம் அந்தாண்ட கீது!"

மறுபடி போனேன். மறுபடி கலா. அவளுக்கு வயிறு வலிக்கிற அளவு சிரிப்பு. எனக்கு அழுகை. தண்ணீரில் இருந்ததால் தெரியவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. சின்ன வயதிலிருந்து கிணற்றைச் சுற்றியே நீந்தியிருக்கிறேன். வலப்பக்கம் எப்போதும் சுவர். உடம்பு இடப்பக்கமாக வளைந்து வளைந்து பழகிவிட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள், என் தோள் இன்னும் அதைச் சுற்றுகிறது.

நேராகப் போகிற அளவுக்கு எங்களுக்கு எவன் தண்ணீர் விட்டான்?

பிப்ரவரி 17. ஞாயிறு.

வாரம் முழுக்க ஓ.டி. விரலில் ஊசி ஏறியது. டிஞ்சர் வாங்க வேண்டும்.

ஏரியில் இன்று, நாலு கை போட்டதும் தலையைத் தூக்கிப் பனைமரத்தைப் பார்க்கிறேன். கழுத்து கழன்றுவிடும் போல. ஆனால் மரத்தைத் தொட்டேன்! திரும்பியும் வந்தேன்.

எருமை ஓட்டிவந்த ஒருத்தன்: "பொண்ணா அது, கெளுத்தி மீனா?"

"எறங்கி வாண்ணா, முள்ளு கீதான்னு பாரு."

எருமைகளைவிட வேகமாகப் போனான்.

பிப்ரவரி 24. ஞாயிறு. இரவு.

உடம்பெல்லாம் உப்பு. எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

சூப்பர்வைசரோடு கம்பெனி வேனில் போனோம். ரப்பர் தொப்பி போட்ட ஆம்பிளைகள். நான் அண்ணன் டிராயர், சட்டை. ஒருத்தர் படம் பிடிக்கப் பார்த்தார், முறைத்தேன், கேமராவை இறக்கினார்.

கடலில் பனைமரம் இல்லை. ஆரஞ்சு மிதவைகள்தான். அலை எழுந்தால் அதுவும் இல்லை. தெற்குப் பார்த்து நீந்த வேண்டும். தோள் இழுத்தது. இடப்பக்கம் என்றால் நடுக்கடல். பக்கத்தில், காவலுக்கு வந்த கட்டுமரக்காரர் குரல்:

"யம்மா, இலங்கைக்கா போற? கரை சோத்தாங்கைப் பக்கம்! ஏறு, ஏறு!"

கட்டுமரத்தைத் தொட்டால் போட்டியில் கிடையாது. "ஏறமாட்டேண்ணா. வழி மட்டும் சொல்லுங்க." அவர் துடுப்பை நீட்டிக் காட்டினார். பயமாக இருந்தது. வாயில் உப்பு, காலில் பிடிப்பு. வீட்டோடு கிடப்பதை நினைத்தேன். கை போட்டேன்.

மணலில் கால் பட்டபோது கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேசையையும் மடக்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கான சர்டிபிகேட் கட்டு சூப்பர்வைசர் அக்குளில்.

"டைம் முடிஞ்சிடுச்சும்மா. நீ முடிக்கலன்னு போட்டாச்சு."

வளைந்து வளைந்து வந்ததில் அத்தனை பேரையும்விட அதிக தூரம் நீந்தியவள் நான். முடிக்கவில்லையாம்.

 வீட்டில் அண்ணன் கையை நீட்டினான். "எங்க?" நாளைக்கு என்றேன்.

பிப்ரவரி 25. திங்கள்.

மறுபடி பனி. அண்ணன் வாசலை மறித்து நின்றான். அவன் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்து வேலைக்குப் போனேன். பின்னால் கத்தினான். திரும்பவில்லை.

லைன் ஓட ஆரம்பித்ததும் நேராக சூப்பர்வைசர் மேசை. பேனாவை அவர் முன்னால் வைத்தேன்.

"நோட்டீஸ்ல நேரக் கணக்கு எதுவும் போடல சார். மூணு கிலோமீட்டர்னுதான் இருந்திச்சு. நான் கரையில வந்து நின்னதை நீங்களே பாத்தீங்க."

தைத்துக்கொண்டிருந்த கலா மெஷினை நிறுத்தினாள். அடுத்தவளும். வரிசையில் ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் அடங்கியது.

"எஸ்தர் முடிச்சாள்னு எழுதுங்க சார்."

அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க."